மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட், எட்டாம் வகுப்பு, 46 பிள்ளைகள்: கத்தாமல் எப்படி நடத்துவது?

கேள்வி: விழுப்புரம் கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியையாக இந்த ஜூனில் சேர்ந்தேன். முன்பு வேலை பார்த்த தனியார் பள்ளியில் வகுப்புக்கு 28 பேர்தான். இங்கே எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 46 பேர், ஓடுகிற மின்விசிறி ஒன்று.

வாரத்தில் பெரும்பாலான நாள் சாப்பாட்டு மணிக்கு அடுத்த பாடவேளை எனக்குத்தான். பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு, கிரவுண்டில் ஓடி ஆடி, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வருகிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து நோட்டைத் திறப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. ‘சத்தம் போடாதீங்க’ என்று நான் கத்துவேன். ஒரு நிமிடம் அடங்கும். பலகைப் பக்கம் திரும்பி இயற்கணித முற்றொருமை (அல்ஜீப்ரா சூத்திரம்) ஒன்றை எழுதுவதற்குள் மறுபடி இரைச்சல். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான், பக்கத்தில் இருக்கிற மூன்று பேர் அதற்குப் பாட்டு.

ஸ்டாஃப் ரூமில் கேட்டால் ‘கையில ஒரு குச்சி வெச்சுக்கோங்க, அடிக்க வேண்டாம், காட்டினாலே போதும்’ என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இன்னொருவர், ‘முதல் மூணு மாசம் சிரிக்காதீங்க’ என்றார். அதுவும் என்னால் முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தொண்டை கரகரவென்று இருக்கிறது. என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லக்கூடத் தெம்பு இல்லை. இதற்கு மேல் எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றுகிற கல்வித்துறை இணையதளம்) பதிவு, உதவித்தொகைப் படிவம், வங்கிக் கணக்கு விவரம் என்று வேலை தனியாக ஓடுகிறது. இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள், வகுப்பில் நீங்கள் நிஜமாகவே என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கடலூர் பி.டி. சார்

டீச்சர், சாப்பிட்டுட்டு ஓடி வந்த பையனை உடனே உட்கார வெச்சு நோட்டைத் திறக்கச் சொன்னா அவன் உடம்பு கேட்காது. உள்ள வந்ததும் எல்லாரையும் அவங்கவங்க இடத்துலயே நிக்க வைங்க. கையை மேல தூக்கி மூச்சை உள்ள இழுத்து, மெதுவா இறக்கி வெளிய விடணும். அஞ்சு தடவை போதும். நீங்களும் கூடவே செய்யுங்க, வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்புறம் ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லி உட்கார வைங்க. இதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

சத்தத்தை அடக்க விசில், மேசையைத் தட்டுறது எல்லாம் வேண்டாம். சத்தத்துக்கு மேல சத்தம் போட்டா அவங்களும் ஏத்துவாங்க. கையைத் தூக்கிக் காட்டுங்க, பார்க்கிறவன் தானும் தூக்கணும். முன்கூட்டியே சொல்லிப் பழக்கி வைக்கணும், அவ்வளவுதான்.

தாளம் போடுற பையன் எதிரி இல்ல. அவன் கைக்கு வேலை வேணும். நோட்டு கொடுக்கிறது, பலகை அழிக்கிறது, ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டு வர்றது எல்லாத்தையும் அவன்கிட்ட விடுங்க. எங்க பள்ளியில கலைத் திருவிழாவுல பறை அடிச்சது இப்படி ஒரு பையன்தான்.

ஒரு கோரிக்கையும் வைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. போர்ஷன் முடியலன்னு பி.டி. பீரியடைக் கேட்டு வாங்காதீங்க. குறும்பு செய்தவனைத் தண்டிக்கிறதா நினைச்சு அவனை மட்டும் விளையாட விடாம உட்கார வைக்காதீங்க. ஓட விடாம வெச்ச பையன் அந்த ஓட்டத்தை உங்க வகுப்புலதான் ஓடுவான்.

பதில் 2: திருவண்ணாமலை கணக்கு டீச்சர்

நானும் கணக்குதான் மா. ஆறு முதல் பத்து வரை எடுத்திருக்கிறேன், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. குச்சி வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது ரொம்பச் சரி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதோடு மனதைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். குச்சியைக் காட்டி வாங்கிய அமைதியில் ஒரு பிள்ளையும் கை தூக்கி ‘எனக்குப் புரியல’ என்று சொல்லாது. புரியாததைச் சொல்லாத வகுப்பில் கணக்கு எடுத்து என்ன பயன்?

நான் உறுதியாக நம்புவது இதுதான்: வகுப்பின் அமைதி, இரைச்சல் தொடங்குவதற்கு முன்னால் உண்டாக்க வேண்டியது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில், வகுப்பை நன்றாக நடத்துபவருக்கும் திணறுபவருக்கும் பெரிய வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. நன்றாக நடத்துபவர்கள் அறை முழுவதிலும் நடப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள், சின்னதாக இருக்கும்போதே தலையிட்டார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விடாமல் நகர்ந்தார்கள். என் அனுபவமும் இதுவே.

அதனால் சாப்பாட்டு மணி முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய்ப் பலகையில் ஒரு கணக்கை எழுதிவிடுங்கள். அன்றைய பாடம் வேண்டாம், போன வாரம் முடித்ததிலிருந்து சுலபமானது ஒன்று. பத்தில் ஒன்பது பேருக்கு வரக்கூடியதாக இருக்கட்டும். பிறகு வாசலில் வந்து நில்லுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சண்டை போட்டுவிட்டு வருகிறவன் யார், சாப்பிடாமல் வருகிறவள் யார் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். உட்கார்ந்ததும் கணக்கு கண்ணெதிரே இருக்கும், ‘நோட்டைத் திற’ என்று சொல்ல வேண்டியதே இல்லை. பி.டி. சார் சொன்ன மூச்சுப் பயிற்சியை இதற்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனை அது.

அடுத்து, பலகைப் பக்கம் திரும்பும்போது சத்தம் வருகிறது என்றீர்கள். முதுகு காட்டி நீளமாக எழுதாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள், திரும்புங்கள், கேளுங்கள், அடுத்த வரி. முடிந்தால் ஒரு பிள்ளையை எழுதவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பெஞ்சுகளுக்கு நடுவே கடைசிவரை நடந்து போகிற அளவுக்கு வழி வேண்டும். 2025-ல் ‘ப’ வடிவில் பெஞ்சு போடுவது பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். 46 பேர் இருக்கும் அறையில் அதற்கு இடம் இருக்காது. இரண்டு நடைவழி கிடைத்தால் போதும். பேசுகிறவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பாடத்தைத் தொடருங்கள். பெயர் சொல்லி அதட்டினால் 45 தலை அவன் பக்கம் திரும்பும், அவனுக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்துவிடும். குனிந்து அவன் காதோடு ‘மூணாவது படி எழுதிட்டியா, நான் சுத்திட்டு வந்து பாக்கிறேன்’ என்றால் அவனுக்கு மரியாதையும் மிஞ்சும், வேலையும் நடக்கும்.

கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிக்கு மேல் காத்திருக்கவில்லை. மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கணக்கில் மூன்று போதாது, ஐந்து கொடுங்கள். அந்த மௌனம் முதலில் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும். பழகிவிட்டால் அந்த நேரம் உங்கள் தொண்டைக்கும் ஓய்வு.

இனி நான் முக்கியமாக நினைப்பது. எட்டாம் வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளைகளில் பலருக்கு வகுத்தல் வராது. முற்றொருமையைப் பலகையில் பார்த்ததும் பயம் வந்துவிடும். ‘தெரியாதவன்’ என்று பெயர் வாங்குவதைவிட ‘அடங்காதவன்’ என்று பெயர் வாங்குவது அந்த வயதில் கௌரவம். உங்கள் தாளக்காரப் பையனிடம் தனியாக, யாரும் இல்லாத நேரத்தில், 84-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் ஒழுங்குப் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை வராத பிள்ளைகளுக்காக 2025-ல் ‘திறன்’ திட்டம் வந்திருக்கிறதே, அந்த நேரத்தை வெறும் பதிவேட்டு வேலையாக விடாமல் முழுசாகப் பயன்படுத்துங்கள். வகுப்பில் அவனால் முடிகிற ஒரு படியைத் தினமும் அவனிடம் கேளுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, யார், என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், நான்கே சொல். யாரிடமும் புகார் காட்ட அல்ல, உங்கள் கண்ணுக்கு மட்டும். எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் சில பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், தொட்டால் சீறுவார்கள். நோட்டைப் புரட்டினபோதுதான் பிடிபட்டது, கிரிவலப் பாதையில் ராத்திரி முழுக்க அப்பா அம்மாவோடு கடையில் நின்றுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு பௌர்ணமிக்கு மறுநாள் நான் புதுப் பாடம் தொடங்குவதில்லை, வரைபடத் தாளில் செய்கிற வேலை கொடுத்துவிடுவேன். உங்கள் ஊருக்கு வேறு காரணம் இருக்கும், கரும்பு வெட்டோ, சந்தை நாளோ.

பெற்றோருக்கு முதல் போன் நல்ல செய்தியாக இருக்கட்டும். ‘உங்க பையன் இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி கணக்கு போட்டான்’ என்று சொல்லிப் பாருங்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே பயப்படுகிற அம்மாக்கள் அவர்கள். பின்னால் ஒரு குறையைச் சொல்ல நேர்ந்தாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

சிரிக்காதீர்கள் என்று சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சொன்ன சொல்லை மட்டும் மாற்றாதீர்கள்.

பதில் 3: மதுரை தமிழம்மா

வகுப்பு பற்றி டீச்சர் எல்லாமே சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் தொண்டையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் எங்கள் பள்ளியில் கூட வேலை பார்த்த ஒருவருக்குக் குரல்நாணில் முடிச்சு வந்து நாங்கள் எல்லோரும் பயந்துபோனோம்.

கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். உள்ளே பார்த்தால்தான் என்னவென்று தெரியும், மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவது தீர்வாகாது. அந்தத் தோழிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்க் குரலை எப்படி எடுப்பது என்று பழகினார், கொஞ்ச நாள் குரலுக்கு ஓய்வு கொடுத்தார், சரியானது. இந்த மாதிரி முடிச்சுகளில் பலவும் இப்படியே சரியாகிவிடும் என்று மருத்துவரும் சொன்னார்.

மிளகுப் பாலும் இஞ்சிக் கஷாயமும் இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல்நாணில் நேராகப் படாது. உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் இருப்பதே அதற்கு வேண்டியது. பாட்டிலைப் பையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள், பாடத்தின் நடுவே இரண்டு மடக்கு. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிற டீச்சர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உங்கள் பள்ளியில் பெண் ஆசிரியர்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதை முதல் தீர்மானமாக எழுத வையுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை இது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வலிக்கிறது என்று கிசுகிசுத்தும் பேசாதீர்கள், அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தான். பலகையை உலர்துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூள் பறக்கும், ஈரத்துணி நல்லது. இடுப்பில் மாட்டுகிற சின்ன ஒலிபெருக்கி வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 46 பேருக்கு, மின்விசிறி சத்தத்தில், அது ஆடம்பரம் இல்லை.

விழுப்புரம் கணக்கு டீச்சர் (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. சில நாள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வாசலில் நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பலகையில் கணக்கு எழுதி வைத்ததும் முதல் வாரம் நன்றாகவே நடந்தது. இப்போது முன் பெஞ்சு பிள்ளைகள் முடித்ததும் நோட்டு பின்னால் போகிறது, எல்லோரும் பார்த்து எழுதிவிட்டு மறுபடி பேச்சு. கையைத் தூக்குவது பெண் பிள்ளைகள் பக்கம் உடனே நடக்கிறது, பையன்கள் பக்கம் பாதிதான்.

தாளக்காரப் பையனிடம் வகுத்தல் கேட்டேன். வரவில்லை. ஆனால் வாய்ப்பாட்டில் ஐந்து வரை மளமளவென்று சொன்னான். இப்போது நோட்டு கொடுப்பது அவன் பொறுப்பு, ஒருநாள்கூட மறக்கவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. 46 நோட்டையும் திருத்தி முடிக்க வீட்டில் ராத்திரி பத்தரை ஆகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சில சாயங்காலம் எந்தப் பிள்ளை முகமும் மனதில் வர வேண்டாம் என்று தோன்றுகிறது. இது களைப்பு மட்டும்தானா, வேறு ஏதாவதா?

பதில் 4: திருவண்ணாமலை கணக்கு டீச்சர்

காப்பி அடிப்பதற்கு: பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இரண்டு கணக்கு எழுதுங்கள். ஒற்றை வரிசைக்கு ஒன்று, இரட்டை வரிசைக்கு இன்னொன்று. எண்ணை மட்டும் மாற்றினால் போதும். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு மூலையில் ஒரு சவால் கணக்கு. முடித்தவர்களுக்கு அடுத்த வேலை இல்லாததால்தான் பேச்சு. கை தூக்காத பையன்களுக்காகக் குரலை உயர்த்தாதீர்கள், கையை இறக்காமல் நில்லுங்கள். மகிழ் முற்றம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிற குழுக்கள் உங்கள் பள்ளியிலும் இருக்கும்தானே, குறிஞ்சி, முல்லை என்று. எந்தக் குழு முதலில் தயாரானது என்று பலகை ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியைக் கூட்ட மட்டும் செய்யுங்கள், ஒருவன் செய்த குறும்புக்காகக் குழுவின் புள்ளியை அழித்தால் மற்றவர்கள் அவன்மேல் பாய்வார்கள்.

நோட்டு: 46-ஐயும் ஒரே நாளில் வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். பிள்ளைகள் கணக்கு போடும்போது சிவப்புப் பேனாவோடு நடந்து ஒரு நாளைக்கு ஒரு வரிசையை அங்கேயே திருத்துங்கள். வாரக் கடைசிக்குள் எல்லோரும் முடிந்துவிடுவார்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது போட்ட ஒரு வட்டம், வீட்டில் போட்ட பத்து ‘தவறு’ குறியைவிடப் பயன்படும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும் என்று யாராவது சொன்னால், தலைமையாசிரியரிடம் இந்த முறையை முன்கூட்டியே விளக்கி, பாடக்குறிப்பேட்டிலும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது நல்லதாயிற்று. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வேலைச் சோர்வைப் பற்றிப் பல காலம் ஆராய்ந்தவர். மூன்று அடையாளம் சொல்கிறார்: உள்ளம் வற்றிப்போவது, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்கள்மேல் வெறுப்பும் விலகலும், ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதை வேலையால் வரும் நிலையாகத்தான் வகைப்படுத்தியது. அதாவது உங்கள் குணத்தில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்த பிறகு பிள்ளைகளைப் பார்க்க மனம் வந்தால் களைப்பு. ஓய்வு எடுத்தும் அந்த விலகல் போகவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் பேச ஆள் வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். டீச்சர் ஒருவர் இதற்குப் போன் செய்வதில் எந்தக் கேவலமும் இல்லை.

வேலையையும் குறைக்கத்தான் வேண்டும். எமிஸ், உதவித்தொகை, வங்கி விவரம் மூன்றும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழுவது பல பள்ளிகளில் வழக்கம். எந்த வேலை யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியர் கூட்டத்தில் வையுங்கள். எழுதிப் பார்த்தால்தான் ஏற்றத்தாழ்வு எல்லோர் கண்ணிலும் படும். கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அதே சட்டத்தில் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரே அறையில் 46 பேர் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச வைத்துத் தீர்மானமாக அனுப்பச் சொல்லுங்கள். உடனே இன்னொரு வகுப்புப் பிரிவு கிடைக்காது. எழுத்தில் இல்லாத குறையை எந்த அலுவலகமும் கண்டுகொள்ளாது, அதற்காகவாவது அனுப்புங்கள்.

இரவு ஏழு மணிக்கு மேல் பள்ளி வாட்ஸாப் குழுவைப் பார்க்காதீர்கள். அவசரம் என்றால் போன் வரும். அந்த நேரம் உங்கள் மகளுடையது.

அந்தப் பையனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு தெரிகிறது என்றால் நல்ல இடத்தில்தான் நிற்கிறான். 84-ஐ விடுங்கள், 65-ஐ 5-ஆல் வகுப்பதிலிருந்து தொடங்குங்கள். பத்து ஐந்து ஐம்பது, மீதி பதினைந்து, அதில் மூன்று ஐந்து என்று அவனையே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். அது வந்த பிறகு ஆறாம் வாய்ப்பாட்டுக்குப் போகலாம். தாளம் தெரிந்த பிள்ளை, வாய்ப்பாட்டைத் தட்டிக்கொண்டே சொல்லட்டும்.

பதில் 5: கடலூர் பி.டி. சார்

கை தூக்காத பையன்களுக்கு ஒரு வழி. அவங்க டீம்ல யார் பேச்சைக் கேட்பாங்கன்னு உங்க பி.டி. சார்கிட்ட கேளுங்க, கபடி கேப்டனா இருப்பான். அவனைத் தனியா கூப்பிட்டு, ‘நீ முதல்ல கை தூக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை அவன் பாத்துக்குவான்.